புக்கொளியூர்த் தெருவும் முதலைவாய்ப் பிள்ளையும்

அவிநாசி என்னுஞ் சொற்கு அழிவில்லாதது என்பது பொருள். கொங்குநாட்டுத் தேவாரத் தலங்கள் ஏழனுள் ஒன்றாகிய திருப்புக்கொளியூரில் எழுந்தருளியுள்ள பெருமானுக்குரிய அத்திருப்பெயரே நாளடைவில் ஊர்க்கும் பெயராய் நிலைத்தது. இறைவன் அழிவில்லாதவன் என்பதில் ஐயமில்லை. அவன் பெயரைத் தாங்கிய ஊரும், அவ்வூரின் தேரோடும் வீதிகளும், அவ்வீதிகளிலுள்ள பழைய வீடுகளும் அழியாது நிற்கற்பாலனவோ என்பதே வினா.

இதற்குச் சைவர் சிலரே விரைந்து விடை கூறிவிடுவர். தோன்றியது அழியும், கல்லும் மண்ணும் மாயையின் காரியம், அவற்றைக் கட்டிக்கொண்டு வருந்துதல் பற்றன்றிப் பத்தியாகாது என்பர். இவ்விடை பார்வைக்குச் சித்தாந்தம்போலத் தோன்றினும் சித்தாந்தமன்று. சைவ நூல்கள் அழித்தலை மட்டும் இறைவன் தொழிலாகக் கூறவில்லை. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என ஐந்தினையும் கூறி, ஐந்தும் உயிர்கள்மேல் வைத்த கருணையே யென முடிக்கின்றன. அழித்தல்தானும் உயிர்களின் இளைப்பொழித்தற்கே யாம். ஆகவே, காத்தல் என்னுந் தொழில் பேதையர் பற்றெனத் தள்ளத்தக்கதன்று. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியாரோடு ஆலயத்தையும் இறைவனாகவே கண்டு வழிபடுக என்று பணிக்கின்றது. அவ்வாறு வழிபடப்படும் ஆலயத்தைச் சூழ்ந்த வீதிகள் ஆலயத்தின் அங்கமேயாம். ஆயினும், எதனை எவ்வாறு காப்பது, யார் செலவிற் காப்பது என்னும் வினாக்கள் எஞ்சி நிற்கின்றன. இவை ஏட்டில் மட்டும் எழுவன வல்ல. அவிநாசியில் ஒரு வீட்டின் திண்ணையிலேயே இவை எழுந்தன.

அவிநாசிக்கும் திருப்பூர்க்கும் இடையே திருமுருகன்பூண்டி உளது. சேரமான் பெருமாள் தந்த பொருளொடு வந்த சுந்தரமூர்த்தி நாயனாரை இறைவன் பூதகணங்களை வேடராக விடுத்துப் பறிப்பித்து, பதிகங்கேட்டு மீள வழங்கிய தலம் அது. இன்றும் அவ்வூரிற் சிற்பிகளின் உளியோசை கேட்கின்றது. அதனைக் கடந்தால் தறியின் ஓசையும் தையற்பொறியின் ஓசையும் கேட்கும். திருப்பூரில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேரூன்றிய பின்னலாடைத் தொழில், 1970-ஆம் ஆண்டுகளுக்குப் பின் கடல்கடந்த வாணிகமாய்ப் பெருகிற்று. தென்மாவட்டங்களிலிருந்தும், பின்னர் வடநாட்டிலிருந்தும் பல்லாயிரவர் பிழைப்புத் தேடி வந்தனர். வயிற்றுக்குச் சோறிட்ட தொழிலைப் பழித்தல் அறமன்று. ஆனால் அத்தொழில் பெருகப்பெருகச் சுற்றியுள்ள ஊர்களின் நடுவிடமெல்லாம் சரக்கறையாகவும் வாடகைக் கொட்டிலாகவும் மாறத் தொடங்கின. ஓட்டுவீடுகள் வீழ்ந்தன, அவை நின்ற இடத்தில் வாயிலில்லா இரும்புக் கதவங்கள் எழுந்தன. மாலையில் விளக்கேற்றிய திண்ணைகள் போயின. பகலில் நெரிசலும் இரவில் வெறுமையும் வீதிக்கு இயல்பாயின.

அவிநாசித் திருக்கோயிலை யடுத்த ஒரு வீதியில் முதியவர் ஒருவர் வாழ்ந்து வருகின்றார். இளமையில் ஓதுவார் ஒருவரிடம் திருமுறைப் பயிற்சி பெற்றவர். நாடோறும் விடியலிற் குளித்து நீறணிந்து, கருணாம்பிகை யம்மையையும் அவிநாசியப்பரையும் வணங்கி மீண்டபின்னரே பிறிதொன்று செய்பவர். அவர் வீடு பாட்டனார் கட்டிய தொட்டிக்கட்டு வீடு. தெருவை நோக்கி இருபுறமும் திண்ணை, உள்ளே ஆசாரம், நடுவே வானம் பார்த்த தொட்டி, பின்னே, கொங்கு மக்கள் பொடக்காளி யெனக் கூறும் புழைக்கடை. திண்ணைக்கு முன்னர் மூன்று படிகள் இருந்தன. பழைய தார்ச்சாலையைச் சுரண்டாது அதன்மேலேயே புதுச்சாலை யிட்டு வந்தமையால் இரண்டு படிகள் மண்ணுள் மறைந்து ஒன்றே எஞ்சிற்று. பெருமழை பெய்தால் தெருநீர் ஆசாரத்துட் புகும். மேற்பரப்பைச் சுரண்டியெடுத்த பின்னரே சாலையிடுக என அரசின் தலைமைச் செயலாளர் 2021-ஆம் ஆண்டிற் கட்டளை பிறப்பித்தார். அக்கட்டளை வருமுன்னரே படிகள் புதைந்துவிட்டன.

முதியவர்க்கு மகன் ஒருவன். திருப்பூரிற் சிறிய பனியன் கம்பெனி யொன்று வைத்து, பெரிய ஏற்றுமதியாளர்க்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பவன். 2022-ஆம் ஆண்டில் நூல்விலை தாங்கொணாது ஏறியது. அவ்வாண்டு மே மாதத்தில் திருப்பூர்த் தொழிற்சாலைகள் அதனைக் கண்டித்துக் கதவடைத்தன. பெரியோர் தாங்கினர், சிறியோர் கடன்பட்டனர். மகனும் கடன்பட்டான். அடுத்த ஆண்டு ஒருநாள் மாலை அவன் தந்தையார் முன் திண்ணையில் வந்தமர்ந்தான்.

“அப்பா, இந்த வீட்டை இடித்து மூன்றடுக்குக் கட்டடமாக்கினால் கீழே கடை, மேலே சரக்கறை என வாடகைக்கு விடலாம். எதிர்வீட்டார் அப்படித்தான் செய்துவிட்டார்கள். நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும்.”

முதியவர் உடனே மறுத்தார். பாட்டனார் பெயரைச் சொன்னார். தேர்நாளில் அத்திண்ணையில் நீர்மோர் வார்த்த பழைமையைச் சொன்னார். இறுதியில், இத்தலத்திற் பிறந்தார் யாவரும் மழலையிலேயே கேட்டறிந்த வரலாற்றையும் எடுத்துரைத்தார்.

அவ்வரலாறு அன்பர் அறிந்ததே. சேரமான் பெருமாளைக் காணும் விருப்பால் மலைநாடு செல்லும் வழியில் நம்பியாரூரர் புக்கொளியூரை யடைந்தார். மறையவர் வாழும் வீதியில் ஒரு மனையில் மங்கலவொலியும் எதிர்மனையில் அழுகையொலியும் ஒருங்கே கேட்டன. காரணம் வினவ, ஐந்து வயதுச் சிறுவர் இருவர் மடுவில் நீராடச் சென்றதையும், ஒருவனை முதலை விழுங்கியதையும், பிழைத்தவனுக்கு இன்று பூணூற் சடங்கு நிகழ்வதையும், இழந்த பெற்றோர் தம் மகனை நினைந்து அழுவதையும் கூறினர். நாயனார் மடுவின் கரைசென்று பதிகம் பாடினார். நான்காந் திருப்பாட்டில் முதலை கரையேறிப் பிள்ளையை உமிழ்ந்தது.

“எது போயிற்றோ அதனை மீட்டுத்தந்த ஊர் கண்ணு இது. இருப்பதை இடிக்கச் சொல்கிறாயே,” என்றார் முதியவர்.

மகன் சிறிதுநேரம் பேசாதிருந்தான். பின், “அப்பா, அந்தத் தெருவில் இரண்டு வீடுகள் இருந்தன அல்லவா? இன்றைக்கு அழுகிற வீடு நம்முடையதுதான். அது உங்களுக்குக் கேட்கவில்லை,” என்றான்.

முதியவர்க்கு மறுமொழி தோன்றவில்லை. அன்றிரவு அவர் உண்ணவில்லை யென்பர். பழைமை காத்தலைப் பற்றிப் பேசுவோர் யாவரும் அவ்விளைஞன் கூற்றை ஒருகால் கேட்டல் வேண்டும். காட்சிக்கு இனிதென்று வழிப்போக்கர் புகழும் ஓட்டுவீட்டினுள் கடன்பட்டார் நெஞ்சம் கலங்கிக்கொண்டிருக்கக்கூடும். அவரைப் பார்த்து, “முன்னோர் செல்வத்தை அழிக்காதே” என்று அறிவுறுத்துதல் எளிது. அவர் சுமையில் ஒரு பங்கு ஏற்பதே அரிது.

மறுநாள் முதியவர் தாமரைக்குளத்தின் கரையிலுள்ள சுந்தரர் சந்நிதிக்குச் சென்று நெடும்பொழுது அமர்ந்திருந்தார். எழுபதாண்டாகக் கேட்டும் ஓதியும் வந்த வரலாற்றில், இதுகாறும் கருத்திற் கொள்ளாத ஒன்று அன்று அவர்க்குப் புலப்பட்டது. நாயனார் அழுதவரைப் பார்த்து நிலையாமை போதிக்கவில்லை. மங்கலம் பாடும் மனையாரைப் பார்த்து, உங்கள் முழவை நிறுத்துங்கள் என்றும் கூறவில்லை. அவர் கேட்டது ஒன்றே: பிள்ளையை முதலை கொண்ட மடு எங்கே என்பது. துன்பத்தின் இடத்தைக் கேட்டறிந்து அவ்விடத்திற்கே நடந்தார். முதியவர் வீடு திரும்பி மகனை அழைத்து, முதல்நாட் கேட்டிருக்கவேண்டிய வினாவைக் கேட்டார்: “கடன் எவ்வளவு, கண்ணு?”

அதன்பின் தந்தையும் மகனும் ஏட்டை விரித்துக் கணக்கிட்டனர். மூன்றடுக்குக் கட்டடம் எழுப்ப மேலும் ஒரு கடன் வாங்கவேண்டும். அக்கடனை வாடகையால் தீர்க்கப் பல்லாண்டு செல்லும். வீட்டைப் பழுதுபார்த்தற்கோ அத்தொகையில் ஒரு சிறு பங்கு போதும். ஆனால் பழுதுபார்த்தலால் இப்போதுள்ள கடன் தீராது. எனவே ஒன்றை விட்டால்தான் ஒன்று நிற்கும் என்பது தெளிவாயிற்று. முதியவர் புழைக்கடையை விற்க இசைந்தார். அவர் அன்னையார் நட்ட கறிவேம்பும் துளசிமாடமும் பழைய மாட்டுத் தொழுவமும் அங்கே இருந்தன. விற்றபின் பலநாள் அவர் அப்பக்கம் செல்லவில்லை.

இஃது அவ்வீட்டார் செய்துகொண்ட உடன்பாடு. இதற்குத் துணையாகச் சைவ மரபிலேயே சான்றுகள் பல உள. பழுதுற்ற கோயிலைப் புதுக்குதலை ஆகமங்கள் சீர்ணோத்தாரணம் எனத் தனியே வகுத்து விதிக்கின்றன. பாலாலயம் அமைத்து, மூர்த்தியின் ஆற்றலை ஆங்கு எழுந்தருளச் செய்து, திருப்பணி முடித்துக் குடமுழுக்காட்டும் முறையின் உட்பொருள் யாது? உறையும் பொருள் மாறாதிருக்க, உறைவிடம் காலந்தோறும் செப்பஞ் செய்யப்படும் என்பதேயாம். கண்டராதித்த சோழர் தேவியாராகிய செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டிற் செங்கற்றளிகள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். திருக்கோடிகாவிற் பழைய கோயிலைப் பிரித்துக் கட்டியபோது, ஆங்கிருந்த பழைய கல்வெட்டுக்களைப் படியெடுத்துப் புதிய சுவரிற் பொறிக்கச் செய்தார். முன்னோர் அளித்த அறம் தம் திருப்பணியால் மறையலாகாது என்னும் அச்சம் அவ்வம்மையார்க்கு இருந்தது. பிற்காலத்துத் திருப்பணிகள் சிலவற்றில் அவ்வச்சம் இல்லாமையால், எழுத்துடைக் கற்கள் சிதறிப் பல செய்திகள் மீட்கவியலாது போயின.

கொங்குநாட்டிலேயே மற்றொரு சான்று உளது. ஏழு தலங்களுள் ஒன்றாகிய வெஞ்சமாக்கூடலில் 1977-ஆம் ஆண்டு குடகனாற்று வெள்ளம் புகுந்து கோயிலைப் பெயர்த்தெறிந்தது. இனி அத்தலம் பெயரளவில்தான் என்று எண்ணியோர் உண்டு. அன்பர் முயன்று, வெள்ளம் சிதறிய கற்களைத் தேடித் திரட்டி மீண்டும் எடுப்பித்து 1986-இற் குடமுழுக்காட்டினர். புதிய கல்லாற் புதிய கோயில் கட்டுதல் எளிதாயிருந்திருக்கும். பழைய கல்லைத் தேடியெடுத்ததனால் அஃது அதே கோயிலாயிற்று.

திருப்பூர்க்கு அருகிலுள்ள நஞ்சராயன் குளமும் எண்ணத்தக்கது. 2022-இற் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பெற்று, 2024-இல் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களை வரிசைப்படுத்தும் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்ற குளம் அது. அக்குளத்திற்குப் பெயர்தந்த நஞ்சராயன் அதனை வெட்டியவனல்லன், பழுதுபார்த்தவன் என்பது வழக்கு. வெட்டியவன் பெயர் மறைந்தது; புதுக்கியவன் பெயர் நின்றது.

ஆனாற் புதுக்குதலிலும் தவறுவோர் உளர். மணற்புயல் வீச்சாற் கல்லைத் தூய்மை செய்கின்றோம் என்று சிற்பத்தின் மூக்கையும் கல்வெட்டின் விளிம்பையும் தேய்த்துவிடுவர். சுண்ணாம்புச் சாந்திட்ட பழஞ்சுவரில் சிமெண்டைப் பூசுவர். சுண்ணாம்பு ஈரத்தை உட்கொண்டு வெளிவிடும் இயல்பினது. சிமெண்டோ அதனை உள்ளே அடைத்து வைக்கும். அடைபட்ட ஈரம் உப்பைக் கக்கி, செங்கல்லைப் பொடியாக்கிவிடும். யுனெஸ்கோ நிறுவனத்தார் விடுத்த வல்லுநர் குழு தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றில் திருப்பணியாலேயே நேர்ந்த சேதங்களை 2017-இல் எடுத்துக்காட்டியது. சென்னை உயர்நீதிமன்றமும் 2021-ஆம் ஆண்டு சூன் 7-ஆம் நாள் வழங்கிய தீர்ப்பிற் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காத்தற்கு 75 கட்டளைகளை விதித்தது. சட்டமும் தீர்ப்பும் வேண்டுவனவே. அவற்றினும் முன்னர் வேண்டுவது, சுண்ணாம்பின் இயல்பறிந்த ஒரு கொத்தன்.

கோயிலைப் பற்றிய இவ்வுண்மை தெருவிற்கும் பொருந்தும். புதுச்சேரியில் வைசியாள் வீதி யென்னுந் தமிழர் தெரு ஒன்று உண்டு. தெருவையொட்டித் தூண்கள் தாங்கும் தாழ்வாரமும் உட்புறத் திண்ணையும் அங்குள்ள வீடுகளின் அமைப்பு. அவை ஒவ்வொன்றாய்ச் சிதைந்து வருகையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித் திட்டமொன்றின்கீழ் நகராட்சியும் இன்டாக் என்னும் மரபுக் காப்பு நிறுவனமும் கூடி, 2002-ஆம் ஆண்டை யடுத்த சில ஆண்டுகளில் அவ்வீதி வீடுகளின் முகப்புக்களை ஒருங்கே செப்பனிட்டன. அவ்வீதித் திருப்பணி 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக்காப்பு விருதினைப் பெற்றது. ஒரு வீட்டை மட்டும் புதுக்கின் அது காட்சிப்பொருளாய் நிற்கும். தெருவே ஒருங்கு புதுக்கப்படின் அண்டை வீட்டார்க்கும் நம்பிக்கை பிறக்கும். அங்கு அறியத்தக்கது இதுவே.

சைவர் ஊர்களுக்கோ இதனினும் மேலான கருவி யொன்று உண்டு. அது தேர். திருவாரூர் ஆழித்தேர் 1948-க்குப் பின் ஓடாது நின்றது. 1970-இல் மீண்டும் ஓடிற்று. தேர் நின்றால் என்ன குறை என்பார் தேரோடும் வீதியைப் பார்க்கவேண்டும். தேர் ஓடும்வரை அவ்வீதியில் ஒருவரும் ஓரடி முன்னே சுவரெடுக்க இயலாது. எடுத்தால் ஆண்டுக்கொருமுறை ஊரே வந்து கேட்கும். நின்றபின் தாழ்வாரம் முன்வரும், பந்தல் முன்வரும், கம்பிகள் குறுக்கே தொங்கும். தேர்வடம் பிடிக்கும் நாளில் உறவினர் வந்து தங்கத் திண்ணை வேண்டும். பூவிற்பாரும் பொரிவிற்பாரும் அமர இடம் வேண்டும். தஞ்சையை யடுத்த களிமேட்டில் 2022-ஆம் ஆண்டு ஏப்பிரல் 27-ஆம் நாள் சப்பரம் மின்கம்பியில் உராய்ந்து 11 உயிர்கள் போயின. வீதியின் அளவைப் பேணாத ஊர் தன் மக்களையே இழக்க நேரிடும் என்பதற்கு அது கொடிய சான்று. அவிநாசியிற் சித்திரைத் தேர்விழா இன்றும் பெருஞ்சிறப்பொடு நடைபெறுகின்றது. அத்தேரே அவ்வூர்த் தெருக்களின் காவலன்.

நீரும் அவ்வாறே. நாயனார் வந்தபோது நீரற்றிருந்த ஏரியில் அவர் பாட நீர் பெருகிற்று என அவ்வூரார் வழங்குவர். அத்திக்கடவு அவிநாசித் திட்டம் வேண்டுமென்று கொங்கு உழவர் தலைமுறை கடந்து குரல் எழுப்பினர். பவானியாற்றின் உபரிநீரைக் கொண்டு ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1045 குளங் குட்டைகளை நிரப்பும் அத்திட்டம் ரூபாய் 1916 கோடிச் செலவில் முடிந்து, 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்றது. குளமின்றிக் கோயில் நிரம்பாது. கோயிலும் குளமும் வீதியும் ஒருங்கே வாழ்ந்தால் அன்றி ஊர் வாழ்ந்ததாகாது.

முதியவர் வீட்டுத் திருப்பணி அவிநாசியப்பர் கோயிற் குடமுழுக்கு நிகழ்ந்த 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாளுக்குப் பின்னரே தொடங்கியது. சுண்ணாம்பு நீற்றி, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீர்விட்டுச் சாந்தரைக்க அறிந்த முதிய கொத்தர் ஒருவர் தேடிக் கொணரப்பட்டார். அவர் வேலை செய்ய, மகனின் கம்பெனியில் வேலையின்றி யிருந்த இளைஞர் இருவர் உடனின்று கற்றனர். ஓடுகள் இறக்கி மாற்றப்பட்டன. செல்லரித்த விட்டம் ஒன்று மாறியது. தெருநீர் புகாதபடி வாயிலில் உயர்ந்த கற்படியொன்று பூண்டிச் சிற்பி செதுக்கிக் கொடுக்க இடப்பட்டது. தெருவோரத்து அறைகள் இரண்டனுள் ஒன்று பூசைப்பொருட் கடைக்கு வாடகைக்குப் போயிற்று. மற்றொன்றில் மகனே தன் பனியன்களை அடுக்கி, கோயிலுக்கு வருவோர்க்குச் சில்லறையாக விற்கத் தொடங்கினான். திண்ணைகள் இரண்டும் திண்ணைகளாகவே உள்ளன.

இதனால் அற்புதம் ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. புழைக்கடையிருந்த இடத்தில் இன்று மூன்றடுக்குக் கட்டடம் எழுந்து, தொட்டியில் விழும் மாலைவெயிலை மறைக்கின்றது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க நாட்டார் இந்தியச் சரக்கின்மேல் ஐம்பது விழுக்காடு சுங்கம் விதித்தபோது, திருப்பூரிற் பலர்க்குப்போல மகனுக்கும் தையல்வேலை குறைந்தது. ஆயினும் அம்மாதங்களில் அக்குடும்பத்துக்கு அடுப்பெரியச் செய்தவை தெருவோரத்து அறைகள் இரண்டுமே. இடித்துக் கட்டியிருப்பின் அக்காலத்தில் வட்டியும் சேர்ந்து அழுத்தியிருக்கும் என்று மகனே கூறினான்.

ஒருநாள் அவன் தந்தையாரிடம், “அப்பா, பாதி வீட்டைத்தானே காத்தோம். இதைக் காத்ததாகச் சொல்லலாமா?” என்று வினவினான்.

முதியவர் கூறிய விடை இது: “முதலை உமிழ்ந்த பிள்ளை ஐந்து வயதுப் பிள்ளையாக வரவில்லை, கண்ணு. இடையிற் கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு வந்தான் என்றுதான் சேக்கிழார் பெருமான் சொல்லுகிறார். பெற்றவள் அவனை, என் பிள்ளை இவ்வளவு சிறியவனாயிற்றே என்று தள்ளவில்லை.”

இவ்விடையிற் பொருள் நிறைய உண்டு. போன காலத்தை அப்படியே மீட்டு வைத்தல் மனிதர்க்கு இயலாது; இறைவனும் அவ்வாறு செய்யவில்லை. போன பிள்ளை வளர்ந்து வந்தான். அவனுக்கும் எதிர்மனைப் பிள்ளைக்குச் செய்த அதே மங்கலச் சடங்கை நாயனார் செய்வித்தார். பழைய தெருவைக் காப்போரும் அதனை இறந்தகாலத்துப் பொம்மையாக நிறுத்தாது, இன்றைய பிழைப்பொடு சேர்த்து வாழச் செய்தல் வேண்டும். எதிரெதிர் மனைகள் இரண்டிலும் ஒரேநாளில் மங்கலவொலி கேட்டபோதுதான் புக்கொளியூர்த் தெரு மீண்டது. ஒரு மனை அழ, ஒரு மனை பாடும் வரையில் எத்துணைத் திண்ணைகள் நின்றாலும் அத்தெரு மீண்டதாகாது.

ஆதலின், தத்தம் ஊர்த் தேரோடும் வீதியில் ஒரு பழைய வீடு விழவிருப்பது கண்ட அன்பர்கள், அதனை இடிப்பாரைப் பழிக்குமுன் ஒருகால் அவ்வீட்டு வாயிலிற் சென்று நின்று, மடு எங்கே என்று கேட்பாராக. கேட்டறிந்தபின் இயன்றதைச் செய்வாராக. அழிவில்லாத பெருமான் திருவருள் அதன்மேல் நிகழும்.

திருச்சிற்றம்பலம்.